தீபாவளி முதல் தைப்பூசம் வரை: செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, மகளிர் பிரிவினரே, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் அங்கத்தினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்களின் எண்ணிக்கையோடு தொடங்குவது இந்த அறிக்கையின் வழக்கம். இம்முறை அதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். சங்கம் இந்த ஆண்டில் உருப்படியாகச் செய்தது என்று நான் கருதும் வேலை முழுவதும் 2024 அக்டோபர் 31-இல் வந்த தீபாவளிக்கும் 2025 பிப்ரவரி 11-இல் வந்த தைப்பூசத்துக்கும் இடையில் நடந்தது என்பதால், அதைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

குளிர்நாடுகளில் ஆண்டிறுதி விடுமுறை பனியோடும் சளிக்காய்ச்சலோடும் வருகிறது. நமக்கு அது மழையோடு வருகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியானம் தாண்டினால் வானம் இருண்டுவிடும். அந்த நாள்களில் தொடங்கி, பண்டிகைக்கு வீட்டைத் திறந்து வைத்து எல்லாரையும் உபசரிக்கும் திறந்த இல்ல உபசரிப்பு, கல்யாணம், டிசம்பர் பள்ளி விடுமுறை, கிறிஸ்மஸ், மார்கழி விடியற்காலைப் பூசை, அதன் சர்க்கரைப் பொங்கல் பிரசாதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, போன வீட்டிலெல்லாம் கை நனைக்காமல் திரும்ப முடியாத நிலை ஏற்படுகிறது. கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து இரண்டு நாள் தங்கிப் போன பிறகு, பெரியவர்கள் மீந்த பலகாரத்தோடும் தீர்ந்துபோன மாத்திரையோடும் வீட்டில் தனித்திருக்கிறார்கள். இதைப் பல ஆண்டுகளாகப் பார்த்தும், பொங்கலுக்கு ஆளுக்கொரு அன்பளிப்புக் கூடை கொடுத்ததோடு நம் கடமை முடிந்ததாக இருந்துவிட்டோம்.

அந்தக் கூடையைப் பற்றிய விவாதத்தில்தான் இந்த ஆண்டின் வேலை பிறந்தது. அக்டோபர் செயலவைக் கூட்டத்தில் வழக்கமான பட்டியல் படிக்கப்பட்டது: பிஸ்கட் டின், ஆரஞ்சு சிராப், மைலோ, டின் பால், ஐந்து கிலோ அரிசி. டின் பாலின் எடையில் ஏறத்தாழ பாதி சீனிதான் என்றும், கூடை வாங்கும் பெரியவர்களில் பலர் இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மருந்து உண்பவர்கள் என்றும் மகளிர் பிரிவுத் தலைவி எடுத்துச் சொன்னார். நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு உண்டு என்று சுகாதார அமைச்சின் 2023 ஆய்வு காட்டியதையும், இந்தியர்களிடையே அது மற்றவர்களைவிட அதிகம் என்பதையும் அவர் நினைவூட்டினார். மூத்த உறுப்பினர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நாப்பது வருஷம் பால்மரம் வெட்டுனவங்களுக்கு ஒரு பிஸ்கட்டைக் கொடுக்கக்கூடச் சங்கத்துக்கு மனசு இல்லையா?” என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு என்ற வருகைக் கணக்கெடுப்புக்குப் போய், பால் வாளி சுமந்து, பிள்ளைகளை ஆயா கொட்டகை என்ற குழந்தைக் காப்பகத்தில் விட்டுவிட்டு உழைத்தவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி, சீனி அளக்கும் கணக்காகச் சுருங்குவது யாருக்கும் பிடிக்காது. முடிவில், அவர்களையே கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தோம்.

நவம்பரில் இருவர் இருவராகப் பழைய லயங்களுக்கும் (தோட்டத்து வரிசை வீடுகள்), தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய பிறகு மக்கள் குடியேறிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கும் போனோம். என்ன வேண்டும் என்று கேட்டதற்குக் கூடையில் இதைச் சேருங்கள், அதை எடுங்கள் என்று பெரும்பாலோர் சொல்லவில்லை. கிளினிக்குக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும் என்றார்கள். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். அங்கே போய் வரும் வாடகைக் காருக்கு அதைப்போல் பல மடங்கு ஆகிறது. மகன் லீவு எடுத்தால் சம்பளம் போகும் என்று மருந்து வாங்கும் தேதியைத் தள்ளிப் போட்டவர்களும், “நல்ல நாள்ல மாத்திரை எதுக்கு” என்று தீபாவளி வாரம் முழுவதும் விட்டவர்களும் இருந்தார்கள். உபசரிப்பில் கூடுதலாகச் சாப்பிடும் நாளில்தான் மாத்திரையைத் தவறவே விடக்கூடாது என்று எத்தனை வீட்டு வாசலில் சொன்னோம் என்பதற்குக் கணக்கில்லை.

டிசம்பர் முதல் வாரத்திலிருந்து உறுப்பினர் ஒருவரின் வேன் வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஓடியது. மருந்து வாங்கப் போனவர்களோடு, இதுவரை இரத்தப் பரிசோதனையே செய்யாதவர்களையும் ஏற்றிக்கொண்டோம். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள பி40 (வருமானத்தில் கீழ்நிலை 40 விழுக்காடு) குடும்பத்தினருக்கு 2019 முதல் நடப்பிலுள்ள பெக்கா பி40 என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தின் கீழ் இலவசப் பரிசோதனை கிடைக்கும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தச் சீனி அளவு லிட்டருக்கு 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் வந்தால் அது நீரிழிவின் அறிகுறி என்பதால், மருத்துவரைப் பார்க்காமல் யாரும் திரும்பும் வேனில் ஏறக்கூடாது என்பதை ஓட்டுநரே விதியாக வைத்துக்கொண்டார். சங்கம் அப்படி எதையும் தீர்மானிக்கவில்லை. ஆனாலும் இந்த விதியைத் தீர்மானமாகவே பதிவு செய்யலாம் என்பது என் கருத்து.

பொங்கலன்று கோவில் திடலில் நடந்த ஒன்றை இங்கே பதிவு செய்ய வேண்டும். செங்கல் அடுப்புகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. முன்னாள் பால்மரத் தொழிலாளியான ஒரு பாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்துக் குடும்பத்தின் பானைக்கு விறகு தள்ளிக் கொடுத்தபடி நின்றிருந்தார். பொங்கல் பொங்கி, குலவை அடங்கி, எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்தபோது, தண்ணீர் வைத்துக்கொண்டு வந்த பள்ளி மாணவி அவருடைய கால் பெருவிரலுக்குக் கீழே வெள்ளையாகக் கொப்புளம் எழும்பியிருப்பதைக் கண்டாள். “எப்ப சுட்டுச்சு, பாட்டி?” என்று கேட்டதற்கு, “சுட்டுச்சா?” என்று அவர் காலைத் திருப்பிப் பார்த்தார். தணலை மிதித்தது அவருக்குத் தெரியவே இல்லை. இரத்தத்தில் சீனி பல ஆண்டுகள் கூடியே இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப் போகும். வலி தெரியாததால் புண் கவனிக்கப்படாமல் ஆழமாகி, விரலையோ காலையோ எடுக்கும் அளவுக்குப் போய்விடுகிறது. பொங்கல் நம் நாட்டில் பொது விடுமுறை இல்லை என்று ஆண்டுதோறும் குறைபட்டுக் கொள்கிறோம். அன்று செவ்வாய்க்கிழமை, கிளினிக் திறந்திருந்தது. புண் ஆற மாசி மாதம் ஆயிற்று, விரல் தப்பியது. அதன் பிறகு வேனில் ஏறும் ஒவ்வொருவரிடமும் இரவு படுக்கும் முன் பாதத்தைப் பார்க்கச் சொல்கிறோம். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்.

கொசுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களின் வீடுகளில்தான் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு நிம்மதியாகப் பெருகுகிறது. முட்டை கொசுவாகி வெளிவர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். டிசம்பரில் நடந்த கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவுப் பணியில் நாம் கால்வாயைக் காட்டிலும் வீட்டுக்குள் தேடினோம். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, துளசி மாடத்துச் சாசர், கழிவறைத் தொட்டி, பழைய பால் வாளி ஆகியவற்றில் கூத்தாடிகள் இருந்தன. அவற்றில் ஒன்று செயலாளரின் வீட்டுச் சாசர் என்பதை மறைக்க விரும்பவில்லை. டிங்கிக் காய்ச்சலில் சூடு தணியும் நாள்தான் ஆபத்தான நாள் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொன்னோம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது என்று நிம்மதியடையும் அந்த நேரத்தில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அசதி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டிங்கி என்று சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். தாமான் பின்புறக் கால்வாயைப் பற்றிப் பொறுப்பான தரப்புக்கு இரு கடிதங்கள் எழுதியும் பதில் வரவில்லை. மூன்றாவது கடிதம் தயாராக இருக்கிறது.

திறந்த இல்ல உபசரிப்பில் சிராப்புக்குப் பதிலாகப் பார்லி தண்ணீரும் தே ஓ கோசோங்கும் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) வைத்தோம். பார்லி தீர்ந்துபோனது, கோசோங் அப்படியே மீந்தது. சிராப்பைக் குறைத்ததில் பொருளாளருக்கும் மகிழ்ச்சிதான். ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலுக்குப் போகும் பக்தர்களுக்காகத் தைப்பூசத்தன்று அமைத்த தண்ணீர்ப் பந்தலில் மோரும் வெறும் தண்ணீரும் மட்டுமே கொடுத்தோம். “சிராப் இல்லையா, அங்கிள்?” என்று கேட்ட பிள்ளைகள் பலர், மோரை வேண்டாம் என்று சொன்னவர்கள் சிலரே.

பிள்ளைகள் திரும்பிப் போன மறுநாள் தனிமையில் துவண்டுபோகும் பெரியவர்களுக்கு மார்கழிப் பூசை உதவியதை மகளிர் பிரிவு கவனித்தது. பூசைக்கு இரண்டு நாள் வராதவர் வீட்டுக்கு மூன்றாம் நாள் யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். மனம் சோர்ந்தவர்களுக்கு சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி 15555 என்ற எண்ணை எல்லா வீட்டிலும் நாள்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

கூடை நிறுத்தப்படவில்லை. டின் பாலும் சிராப்பும் போய்க் கேழ்வரகு மாவும் பச்சைப் பயறும் டார்ச் லைட்டும் வந்தன. பிஸ்கட் டின் மட்டும் சிறியதாகித் தப்பியது, அந்த மூத்த உறுப்பினரின் வெற்றியாக.

செயலவை மாதம் ஒருமுறை தவறாமல் கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சங்கப் பதிவிலாகாவுக்குரிய ஆண்டுப் படிவம் இக்கூட்டம் முடிந்து 60 நாள்களுக்குள் அனுப்பப்படும். வேன் தந்த உறுப்பினருக்கும், எண்ணெய்ச் செலவைக் கேட்காமல் விட்ட அவர் மனைவிக்கும், கொப்புளத்தைக் கண்ட மாணவிக்கும் இச்சபை நன்றி தெரிவிக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். வரும் பருவத்துக்கு வியாழக்கிழமை ஓட்டுநர் அமைந்துவிட்டார். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஆள் இல்லை. உரிமம் உள்ளவர்கள் தேநீர் வேளையில் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இவண்,
செயலாளர்