‘பரம்பரை நோய்’ என்று கட்டம் கட்டிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆஸ்துமா பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் பக்கத்தின் நடுவில் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் ‘ஆஸ்துமா ஒரு பரம்பரை நோய்’ என்று போட்டிருந்தீர்கள். கட்டுரையைப் படிக்காதவர்களும் அந்தக் கட்டத்தைப் படிப்பார்கள். அந்த ஒரு பேச்சு என் வீட்டில் என்ன செய்தது என்று சொல்லவே இந்தக் கடிதம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தை மாதம், என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று காலை அவளுடைய இன்ஹேலரை, நாங்கள் சொல்வதுபோல் ‘பம்ப்’பை, எடுத்து பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பெற்றவள் செய்யக்கூடாத காரியம். மாப்பிள்ளையின் தகப்பனார் எங்கள் வாசற்படியில் நின்றபடி அடுத்தடுத்து இரண்டு சிகரெட் பிடித்தார். புகை நடைவழியாக உள்ளே வந்தது. காபித் தட்டோடு நின்ற பெண்ணுக்கு இருமல் தொடங்கியது. அடக்க அடக்கக் கண்ணில் நீர் கட்டியது. சாவியைத் தேடிக்கொண்டு நான் உள்ளே ஓடினேன். பூ வைத்துவிட்டுத்தான் போனார்கள். பத்து நாள் கழித்துத் தரகர் வந்து சொன்னார்: “பெண்ணுக்கு இளைப்பு இருக்கிறதாமே, தாத்தாவுக்கும் இருந்ததாமே. பரம்பரை நோய் ஆயிற்றே, நாளை பேரப்பிள்ளைக்கும் வருமே என்று யோசிக்கிறார்கள்.” அப்படி யோசித்தவர் அந்தத் தகப்பனார்தான். வீட்டுக்குள் பிடிக்கும் சிகரெட், குழந்தைகளுக்கு ஆஸ்துமா வருவதற்கும் முற்றுவதற்கும் நன்றாக நிரூபிக்கப்பட்ட காரணம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் அன்று தெரியாது.

தாத்தா என்றார்களே, அவர் என் அப்பா. அம்மாப்பேட்டையில் நாற்பது ஆண்டு தறியில் உட்கார்ந்தவர். குழித்தறியின் ஈரத்தில் காலை வைத்துக்கொண்டு, பாவு விடும் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துக்கொண்டு பிழைத்தார். பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு இறுக்கம் தனி நோய் என்றும், வேலைக்கு விடுப்பு விட்டுத் திரும்பும் முதல் நாளில் அது அதிகமாகத் தெரியும் என்றும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவருடைய இளைப்பு ரத்தத்தில் வந்ததா, தறியில் வந்ததா? அவர் உயிரோடு இருந்தவரை யாரும் கேட்கவில்லை. போன பிறகு அது எங்கள் குடும்பத்தின் பரம்பரை ஆகிவிட்டது.

மரபுக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. உண்டு, கணிசமாகவே உண்டு. ஆஸ்துமாவோடு தொடர்புடைய மரபணு இடங்களை நூற்றுக்கும் மேலாகக் கண்டறிந்திருக்கிறார்கள். 17-ஆம் குரோமோசோமில் ஓர் இடம் குழந்தைப் பருவ ஆஸ்துமாவோடு தொடர்புடையது என்று 2007-இல் தெரியவந்தது. தோலின் மேற்புறத்தைக் கட்டிக் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பழுது இருந்தால் முதலில் கரப்பான் என்ற தோல் அரிப்பு, பிறகு மூக்கு ஒவ்வாமை, இளைப்பு என்று வரிசையாக வரக்கூடும். தாய்க்கோ தகப்பனுக்கோ ஆஸ்துமா இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு இருக்கும் வீடுகளில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமல் இருப்பதும் உண்டு. வழிவழியாக வருவது ஒரு சுபாவம்: மற்றவர் உடல் பொருட்படுத்தாத தூசியையும் மகரந்தத்தையும் எதிரியாக நினைத்து மல்லுக்கு நிற்கும் சுபாவம். எதன்மேல் மல்லுக்கு நிற்கிறது, எவ்வளவு கடுமையாக நிற்கிறது என்பதைப் பிறந்த வீடும் வளர்ந்த தெருவும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாய சமூகங்கள் இருக்கின்றன. இரண்டுமே ஐரோப்பாவிலிருந்து வந்தவை, மரபணுவில் நெருங்கியவை. ஆமிஷ் பிள்ளைகள் மாட்டுத் தொழுவத்தை ஒட்டியே வளர்கிறார்கள். ஹட்டரைட் மக்களின் பண்ணைகள் வீட்டிலிருந்து தள்ளி, இயந்திரமயமாக நடக்கின்றன. ஆமிஷ் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்கும், ஹட்டரைட் பிள்ளைகளில் நூற்றுக்கு இருபத்தொன்று அளவுக்கும் ஆஸ்துமா இருப்பதாக 2016-இல் வந்த ஆய்வு சொன்னது. ரத்தம் ஏறக்குறைய ஒன்று; வாசல் வேறு.

சம்பந்தம் முறிந்த பிறகுதான் மகளுக்கு ஒவ்வாமைப் பரிசோதனை செய்தோம். முன்கையில் பேனாவால் எண்கள் எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து, ஊசி முனையால் மெல்லக் குத்தினார்கள். கால் மணி நேரம் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி இருந்த இடம் கொசு கடித்ததுபோல் தடித்து, பத்துப் பைசா அளவுக்கு வீங்கியது. பார்த்தீனியம் என்ற களைச்செடியின் மகரந்தம் இருந்த இடம் அதில் பாதி. மாம்பூ மகரந்தம் வைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை. தோல் தோலாகவே இருந்தது. அதைப் பார்த்து நான் அழுதேன், ஆசிரியரே. அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது, தையில் மாமரம் பூத்தால் மூக்கடைக்கிறது என்று சொல்லி, கொல்லையில் என் அப்பா வைத்த குண்டு மாமரத்தை வெட்டிவிட்டோம். மாம்பூவின் மகரந்தம் ஈயும் பூச்சியும் எடுத்துச் செல்வது. பிசுபிசுப்பானது, காற்றில் அவ்வளவாகப் பரவாது. பனிக்காலத்தில் சன்னலை அடைத்து, கொசுவர்த்தி கொளுத்தி, தாத்தா விட்டுப்போன இலவம்பஞ்சு மெத்தையில் பிள்ளையைப் படுக்கவைத்தோமே, அதுதான் காரணம் என்றார் மருத்துவர். மெத்தை நாற்பது வயதானது. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்துகள், எழுபத்தைந்து சிகரெட்டுக்குக் குறையாது என்று அளந்திருக்கிறார்கள். பரம்பரையாக வந்தது ரத்தம் மட்டுமில்லை, அந்த மெத்தையும்தான்.

பார்த்தீனியத்துக்கு நான் எங்கும் போக வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து மனை காலியாகக் கிடக்கிறது. புரட்டாசி மழை விழுந்தால் போதும், ஐப்பசியில் இடுப்பளவு வளர்ந்து, கொத்தமல்லி இலை போன்ற இலையும் கடுகு தெளித்ததுபோல் வெள்ளைப் பூவுமாக நிற்கிறது. 1950-களில் புனே பக்கம் தலைகாட்டிய செடி இன்று நாடு முழுவதும் பரவிவிட்டது. ஒரு செடி 10,000 விதைக்கு மேல் போடும். நாள்காட்டித் தாளைக் கிழிக்குமுன் மகளுக்கு இளைத்த நாட்களில் ஒரு புள்ளி வைப்பது என் பழக்கம். ஐப்பசி, கார்த்திகைத் தாள்களில்தான் புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன. புகார் கொடுத்தால் ஆள் வருகிறார்கள். ஆனால் பூத்துக் குலுங்கும்போது வருகிறார்கள். வெறும் கையால் அறுத்து, அங்கேயே குவித்துக் கொளுத்துகிறார்கள். மகரந்தமும் புகையும் சேர்ந்து தெருவுக்குள் வருகின்றன. அறுத்தவர்களின் கையெல்லாம் தடிப்பு. மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது, பூக்குமுன், கையுறை போட்டு வேரோடு பிடுங்கிக் குழியில் போட்டால் முடிகிற வேலை இது.

“அப்படியானால் ஏற்காட்டுக்கு அனுப்புங்கள், மலைக் காற்று பட்டால் சரியாகிவிடும்” என்று சொல்லாதவர்கள் இல்லை. அனுப்பினோம். என் தங்கை நாகலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மலையேறிய மூன்றாம் நாள் இரவு, மருந்தை ஆவியாக இழுக்கவைக்கும் நெபுலைசர் தேடி இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பெண்ணைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. சுவிட்சர்லாந்தின் தாவோஸ் ஏறத்தாழ ஏற்காட்டின் உயரம்தான். அங்கே ஆஸ்துமாக்காரர்களுக்குச் சுகப்படுகிறது என்றால், அந்தக் காற்று வறண்டது, தூசி உண்ணி பெருகாது. நம் சேர்வராயன் மலையில் மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் இறங்கி நிற்கும். தங்கை வீட்டில் அலமாரியை நகர்த்திப் பார்த்தால் சுவர் முழுக்கக் கரும்பச்சைப் பூசணம். அவள் அன்போடு மரப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த கம்பளியை முகர்ந்தாலே மூக்கு அரித்தது. தங்கை மகனுக்கும் இளைப்பு உண்டு. அவனுக்குப் புள்ளி விழுவது ஆடி, ஆவணியில். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். ஒருத்திக்குப் பள்ளத்தில் ஒரு மாதம், ஒருவனுக்கு மேட்டில் ஒரு மாதம்.

இப்போது மெத்தை இல்லை. போர்வைகளை வாரம் ஒருமுறை கொதிநீரில் முக்கித் துவைத்து வெயிலில் காயப்போடுகிறேன். கொசுவர்த்தியை விட்டுவிட்டு வலை கட்டுகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு பம்ப்பைத் தினமும் ஒழுங்காக எடுக்கிறாள். ‘பம்ப் போட்டால் பழகிவிடும்’ என்று பயந்து, இளைக்கும்போது மட்டும் மூச்சை விரிக்கும் மருந்தை இழுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அவள் அதிகம் அவதிப்பட்டாள். மூச்சுக்குழாயின் உள்வீக்கம் அதனால் அடங்குவதில்லை. உலகில் 2019-ஆம் ஆண்டு மட்டும் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் 4,55,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பம்ப்பைப் பீரோவில் பூட்டிய எனக்கு அந்த எண்ணைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

தங்கள் இதழிடம் இரண்டு வேண்டுகோள். சண்டிகர் நகரத்துக்கு எந்த மாதம் எந்த மகரந்தம் காற்றில் பறக்கும் என்று காட்டும் நாட்காட்டியை அங்குள்ள மருத்துவ நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2022-இல் வெளியிட்டன. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. செடிகொடிகளை அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளத்துக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என இரண்டு நாட்காட்டிகள் வேண்டும் என்று தாங்கள் எழுதினால் கேட்பார்கள். நான் வைத்த புள்ளிகள் ஆறு ஆண்டுத் தாள்களில் இருக்கின்றன. யார் கேட்டாலும் தருகிறேன்.

இன்னொன்று, அந்தக் கட்டம். அடுத்த இதழில் அதே அளவுக் கட்டத்தில், அதே பெரிய எழுத்தில், ‘ஆஸ்துமாவுக்கு மரபும் ஒரு காரணம், வீடும் தெருவும் மற்ற காரணங்கள்’ என்று திருத்திப் போடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு குடும்பம் பெண் பார்க்க வருகிறது. இந்த முறை பம்ப் கூடத்து மேசைமேல்தான் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.