மீனெண்ணெய் விளையும் செடி: நோர்வேயில் இருக்கும் மச்சானுக்கு ஒரு பதில்

களுவாஞ்சிக்குடி

அன்பின் மச்சான்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கன நாள் எடுத்துவிட்டேன். சிறுபோக வெட்டு முடியும் வரை என்னைப் பிடிக்க முடியாது என்று உனக்குத்தான் தெரியுமே, மெஷின் ஒரு வட்டையில் இருந்து மற்ற வட்டைக்குப் போகிற இடைவெளியில்தான் சாப்பாடு, அதுவும் வரம்பில் நின்றபடி. இப்போது நெல் காய்ந்து ஆலைக்குப் போய்விட்டது. விலை வழக்கம் போல வெட்டுக் காலத்தில் விழுந்து கிடக்கிறது. அதை எழுதத் தொடங்கினால் கடிதம் அதிலேயே முடிந்துவிடும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். "மீனெண்ணெயைச் செடியில் விளைவிக்கிறார்களாம், எங்கள் மீன் தீன் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அதே கதைதான், நீ விவசாயக் கந்தோரில் இருக்கிறவன், சொல், உண்மையா பம்மாத்தா?" உண்மைதான் மச்சான். செடியில் அந்த எண்ணெய் வருமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துப் பத்து வருசத்துக்கு மேலாகிறது. எனக்குக் கண் இருப்பது அதற்கு அடுத்த கேள்வியில், அந்தச் செடி வயலில் என்ன செய்யும் என்பதில்.

முதலில் எண்ணெய்க் கதை. உனக்குப் பாதி தெரிந்ததுதான். மீன் ஒமேகா 3 என்கிற நல்ல கொழுப்பைத் தானாகச் செய்வது மிகக் குறைவு, கடலில் அதைச் செய்வது நுண்பாசி. பாசியைச் சிறு உயிர்கள் தின்ன, அவற்றை நெத்தலி தின்ன, நெத்தலியைப் பெரிய மீன் தின்ன, அப்படித்தான் ஒமேகா 3இன் நீண்ட சங்கிலி வகைகளான ஈபிஏயும் டிஎச்ஏயும் மேலே ஏறி வருகின்றன. உங்கள் கூட்டுக்குள் கிடக்கிற சால்மனுக்குப் பாசியும் இல்லை நெத்தலியும் இல்லை, ஆகவே பெரு நாட்டுக் கடலில் அள்ளிய நெத்தலியை அவித்துப் பிழிந்த எண்ணெய். உலகம் முழுவதும் ஆண்டுக்குக் கிடைக்கிற மீனெண்ணெய் ஏறத்தாழ 10 இலட்சம் தொன், அதில் பெரும்பங்கு மீன் வளர்ப்புக்கே போகிறது, கடல் அதற்கு மேல் தரப்போவதும் இல்லை. 2023ல் கடல் சூடேறுகிற எல் நினோ வந்து, வலையில் குஞ்சு மீனே அதிகம் என்று பெரு தன் முதல் பருவத்தையே இரத்துச் செய்தபோது எண்ணெய் விலை எங்கே போனது என்று நீதான் எனக்கு எழுதியிருந்தாய். 1990ல் நோர்வே சால்மன் தீனில் 90 வீதம் அளவு கடல் பொருளாக இருந்தது, 2013ல் அது 30 வீதத்துக்கு இறங்கிவிட்டது, மிச்ச இடத்தைச் சோயாவும் ரேப் எண்ணெயும் பிடித்துக்கொண்டன. மீன் வளர்ந்தது, ஆனால் சதையில் அந்த நல்ல கொழுப்பு குறைந்தது. ஸ்கொட்லாந்துச் சால்மனில் 2006க்கும் 2015க்கும் இடையில் அது பாதியாகிவிட்டது என்று ஸ்டேர்லிங் பல்கலைக்கழகத்தார் அளந்தே காட்டினார்கள்.

இங்கேதான் கமலினா என்கிற செடி வருகிறது. கடுகுக் குடும்பம், மஞ்சள் பூ, கடுகை விடச் சின்ன விதை, ஆயிரம் விதையை நிறுத்தாலும் ஒரு கிராம் அளவுதான் வரும். விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய், அந்த எண்ணெயில் ஆளிவிதையில் உள்ளது மாதிரிக் குறுகிய ஒமேகா 3 இயற்கையாகவே நிறைய. இங்கிலாந்தில் ஹார்ப்பெண்டனில் இருக்கிற ரொதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஜொனதன் நேப்பியரின் குழு, கொழுப்பமிலச் சங்கிலியை நீட்டுகிற, அதில் இரட்டைப் பிணைப்பைக் கூட்டுகிற நொதியங்களின் மரபணுக்களைக் கடல் நுண்பாசி முதலான உயிர்களில் இருந்து எடுத்து இதற்குள் வைத்தது. ஈபிஏக்கு ஐந்து மரபணு, டிஎச்ஏயும் வேண்டுமென்றால் ஏழு. விதைக்குள் மட்டும் வேலை செய்கிற மாதிரி வைத்தார்கள், இலையிலோ தண்டிலோ அந்த எண்ணெய் வராது. 2014ல் திறந்த வயலில் விதைக்க அனுமதி கிடைத்தது. அந்த எண்ணெயைக் குட்டிச் சால்மனின் தீனில் மீனெண்ணெய்க்குப் பதிலாகச் சேர்த்துப் பார்த்தார்கள், வளர்ச்சி குறையவில்லை, 2015ல் வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் சிஎஸ்ஐஆர்ஓ என்கிற அரசாங்க ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்களும் நுசீட் என்கிற விதைக் கம்பனியும் ரேப் வகையான கனோலாவில் இதே வேலையைச் செய்து 2018ல் பயிரிட அனுமதியும் வாங்கிவிட்டார்கள்.

இனி வயல். அதே ரொதாம்ஸ்டெட்டில் இதற்கு முன்னால் ஒரு கோதுமைக் கதை நடந்தது, யாராவது "ஆய்வுகூடத்தில் நிரூபித்தாகிவிட்டது" என்றால் நான் உடனே எடுத்துவிடுவது இதைத்தான். செடியின் சாற்றை உறிஞ்சுகிற அழுக்கணவன் பூச்சி ஆபத்து வந்தால் ஒரு மணத்தை விடும், மற்றவை அதை உணர்ந்து ஓடிவிடும். அந்த மணத்தைக் கோதுமையே விடும்படி மரபணுவை மாற்றினார்கள். ஆய்வுகூடத்தில் பூச்சி ஓடியது. 2012, 2013ல் வயலில் விதைத்தார்கள், எதிர்ப்பாளர்கள் வந்து பிடுங்கப்போகிறோம் என்றார்கள், வேலி, பொலிஸ், பெரிய அமர்க்களம். கடைசியில் மாற்றிய கோதுமையிலும் மாற்றாத கோதுமையிலும் அழுக்கணவன் ஒரே அளவு. பூச்சி ஆபத்தில் மட்டும் விடுகிற மணத்தைச் செடி நாள் முழுக்க விட்டுக்கொண்டிருந்ததில் அவை பழகிப்போயிருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். தோற்றதை 2015ல் ஒளிக்காமல் எழுதினார்கள், அதற்காகவே அந்த நிலையத்தில் எனக்கு மரியாதை. கமலினா அப்படித் தோற்கவில்லை. வயலிலும் விதையில் எண்ணெய் வந்தது, பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் விதைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் வந்தது.

வயல் பரிசோதனை என்றால் உங்கள் ஆட்கள் என்ன நினைக்கிறார்களோ தெரியாது, எங்களுக்கு அது அலுப்புப் பிடித்த வேலை. ஒரே இனத்தை ஒரு கட்டத்தில் மட்டும் போட முடியாது, மேட்டில் ஒன்று பள்ளத்தில் ஒன்று என்று கலைத்துக் கலைத்துப் போட வேண்டும். வெட்டும்போது ஓர வரிசைகளை அறுத்து ஒதுக்கிவிட்டு நடுவை மட்டும்தான் நிறுப்போம், ஏனென்றால் ஓரத்துக்கு வெயிலும் கூட, பசளையும் கூட, அதையும் சேர்த்து நிறுத்தால் உலகத்தில் எல்லா இனமும் நல்ல இனம்தான். இதைப் பார்த்த ஒரு வயதான போடியார், "தம்பி, நல்லா விளைஞ்சதை எல்லாம் வெட்டி எறிஞ்சுபோட்டு மிச்சத்தை நிறுக்கிறீங்களே" என்றார். விளங்கப்படுத்தினேன், அவர் நம்பவில்லை. நெல்லுக்குருவி ஒரு மூலைக் கட்டத்தை மட்டும் காலி பண்ணிவிடும். அம்பாறைப் பக்கத்துச் சகாக்களுக்கு யானை வேறு. பிஜி 94-1 என்கிற நெல்லினம் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயலில் தருவதைப் படுவான்கரையின் மானாவாரியில் எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போகவேண்டும், இத்தனைக்கும் அது நாம் பல வருசம் பார்த்துப் பழகிய நெல்.

மரபணு மாற்றிய பயிருக்கு இதோடு இன்னொரு பாரமும் உண்டு. மகரந்தம் வெளியே போகாமல் சுற்றிவர மாற்றாத செடி நடவேண்டும், பறவைக்குக் காவல், மெஷினைக் கழுவித்தான் வெளியே விடலாம், அடுத்த பருவத்திலும் தானாக முளைக்கிறதா என்று தேடிப் பிடுங்கவேண்டும். சுற்றுச்சூழல் கேள்விகளும் சின்னதல்ல. பெரும்பாலும் நீரில் இருந்த எண்ணெய் தரைக்கு வந்தால் அதைத் தின்கிற பூச்சிக்கு என்ன ஆகும்? 2016ல் ஈபிஏயும் டிஎச்ஏயும் கலந்த உணவைக் கோவாப் புழுவுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள், அதில் இருந்து வந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் பாரமாகவும் சிறகு கோணலாகவும் இருந்தன என்று எழுதினார்கள். அது செயற்கை உணவு, கமலினாவில் எண்ணெய் விதையில் மட்டும்தான், புழு தின்பதோ இலையை. ஆகவே இதைக் காட்டி எல்லாவற்றையும் நிறுத்து என்பதும் சரியில்லை, விதை தின்கிற பூச்சிக்கும் இதைக் கேட்காமல் விடுவதும் சரியில்லை.

நீ பகிடியாக எழுதினாயோ உண்மையாகவோ, "ஒரு கைப்பிடி விதை அனுப்பவா, நம்மட மண்ணில் போட்டுப் பார்" என்று. வேண்டாம் மச்சான், அதைக் கனவிலும் செய்யாதே. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, சாதாரண விதையையே அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது, இதுவோ மரபணு மாற்றியது, என் உத்தியோகத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். 2018 கடைசியில் அம்பாறைச் சோளனில் படைப்புழு இறங்கியதைப் பார்த்தவன் நான். வெளியில் இருந்து வருகிற ஒன்று ஒரு பருவத்துக்குள் என்ன செய்யும் என்று எனக்குப் புத்தகம் பார்க்கத் தேவையில்லை.

சட்டம் விட்டாலும் எங்கள் வெயில் விடாது. கமலினா குளிர் நாட்டுப் பயிர். ஆளிவிதையிலும் ரேப்பிலும் பழைய அறிவு ஒன்று உண்டு, விதை பால் பிடிக்கிற நேரத்தில் சூடு கூடினால் ஒமேகா 3 குறைந்துவிடும். கச்சான் காற்று அடிக்கிற ஜூலை மாத மட்டக்களப்பில் என்ன மிஞ்சும் என்று நினைக்கிறாய்? அப்போ எள்ளு, நிலக்கடலை என்று நம்மிடம் இருப்பதில் செய்யலாமே என்பாய். எள்ளு எண்ணெயில் ஒலேயிக், லினோலேயிக் என்கிற இரண்டு கொழுப்பமிலமும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி, கமலினாவில் தயாராக இருந்த அந்தக் குறுகிய ஒமேகா 3 இதில் இல்லை என்றே சொல்லலாம். ஆக ஒரு படி கீழே இருந்து தொடங்க வேண்டும். அதை விடப் பெரிய தலையிடி, எள்ளு காய் வெடித்துக் கொட்டுகிற பயிர். முற்றுவதற்கு முன்பே அறுத்து நிமிர்த்திக் கட்டி வைத்தாலும் நிலத்தில் ஒரு பங்கு கிடக்கும். பரிசோதனை முடிந்த நிலத்தில் அடுத்த மழைக்கு முளைக்கிற ஒவ்வொரு எள்ளுச் செடியையும் யார் தேடிப் பிடுங்குவது?

இதையெல்லாம் சொல்வதால் நான் மரபணுவுக்கு எதிரி என்று எடுத்துக்கொள்ளாதே. 2021ல் இரசாயனப் பசளையைத் தடை செய்தார்கள் அல்லவா, அதில் மரபணுவும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் இயற்கை. நாடு முழுவதையும் ஒரே நேரத்தில் பரிசோதனை வயலாக்கினார்கள், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டம் கூட மிச்சம் வைக்காமல். அந்தப் பெரும்போகத்தில் மஞ்சளித்து நின்ற வயலைப் பார்த்துக்கொண்டு விவசாயிக்குப் பதில் சொன்னவர்கள் எங்களைப் போன்ற போதனாசிரியர்கள். அதற்குப் பிறகு யாராவது புதிய விதை, புதிய மருந்து என்று வந்தால் வட்டைக் கூட்டத்தில் முதல் கேள்வியே "எங்க போட்டுப் பார்த்தீங்க?" என்பதுதான். நல்ல கேள்வி. உங்கள் கம்பனிகளிடமும் அதையே கேட்கச் சொல்.

நம்மோடு ஏ.எல். படித்த கட்டையனை நினைவிருக்கிறதா, அவன் வாவிக் கரையில் குளம் வெட்டித் திலாப்பியா விட்டிருக்கிறான், கொடுவாவும் கொஞ்சம். உன் கதையைச் சொன்னேன், "செடியோ மீனோ, தீன் மூட்டை எப்ப மலியும்?" என்று கேட்டான். திலாப்பியாவுக்கு இந்த எண்ணெய் பெரிதாகத் தேவையில்லை, தாவரக் கொழுப்பில் இருந்து தனக்கு வேண்டியதை ஓரளவு அதுவே செய்துகொள்ளும், அதற்குப் புரதம்தான் செலவு. கொடுவாவுக்கும் இறாலுக்கும் அப்படி முடியாது, அவற்றுக்குத்தான் மீனெண்ணெய் வேண்டும். இறால் பண்ணை என்றால் நம் ஆட்களுக்கு அங்கே வேலை செய்தவர்கள் கொல்லப்பட்ட 1987 ஜனவரியும் மகிழடித்தீவும்தான் முதலில் நினைவுக்கு வரும், அதன் பிறகு அந்தத் தொழில் இங்கே சரியாக எழும்பவே இல்லை. இப்போது திரும்பவும் குளம் வெட்டுகிறார்கள். தீன் வெளியில் இருந்துதான் வருகிறது, ஆகவே உங்கள் கமலினாவோ கனோலாவோ நம் வயலுக்கு வராவிட்டாலும் மூட்டைக்குள் ஒருநாள் வரலாம். அப்போது அதில் என்ன எண்ணெய் என்று மூட்டையில் தமிழில் எழுதியிருக்கவேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். மரபணு மாற்றிய உணவுக்குச் சுட்டுத்துண்டு ஒட்டவேண்டும் என்று நம் நாட்டில் 2006லேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது, அது மனிதர் தின்பதற்கு. மீன் தின்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கதைப்பதில்லை.

எனக்கு இரண்டு வேலை செய்து தா. உங்கள் தொழிற்சாலை மீனெண்ணெயை என்ன விலைக்கு எடுக்கிறது, இந்தச் செடி எண்ணெய்க்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று வாங்கும் பகுதியில் இருக்கிற அந்தத் தமிழ்ப் பெடியனிடம் கேள். அப்புறம், அங்கே கடையில் சால்மன் வாங்குகிற சனம் அது என்ன தின்றது என்று கேட்கிறார்களா, இல்லை விலையை மட்டும் பார்க்கிறார்களா என்று எழுது.

அம்மா சுகம், சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது. உன்னைக் கேட்டபடிதான். கொக்கட்டிச்சோலைத் தேருக்கு வருவேன் என்று ஒவ்வொரு வருசமும் எழுதுகிறாய், வருகிறாய் இல்லை. அடுத்த முறை டிக்கெட் போட்டுவிட்டு எழுது, அதுவரை நம்ப மாட்டேன்.

உன் மச்சான்