கருங்கோல்

கொடைக்கானல்,
ஞாயிறு காலை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சென்ற வாரம் அனுப்பிய நீண்ட செய்திக்கு அன்றிரவே தொலைபேசியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பேசத் தொடங்கினால் பாதியில் உனக்கு அலுவலக அழைப்பு வரும், எனக்கு அடுப்பில் பால் பொங்கும். நீ கேட்டிருப்பதோ அப்படி அரைகுறையாகச் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி அன்று. ஆகையால் காகிதத்தில் எழுத உட்கார்ந்தேன்.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்தில் ஒருவர் நடராசரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியதைக் கேட்டு மெய்சிலிர்த்தாய் என்றும், மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்குவதற்குள் அவர் சொன்னதில் ஒரு வாக்கியம்கூட மனத்தில் இல்லை என்றும், எத்தனை உரை கேட்டாலும் எத்தனை புத்தகம் படித்தாலும் இப்படியே கரைந்து போகிறது என்றும் எழுதியிருந்தாய். 'உனக்கு மட்டும் எப்படி அம்மா எல்லாம் நிற்கிறது?' என்று முடித்திருந்தாய்.

எனக்கும் நிற்பதில்லை, பாப்பா. நின்றவை மிகச் சிலவே. அவற்றையே திரும்பத் திரும்ப உன்னிடம் சொல்லி வளர்த்ததால் எல்லாம் நின்றதுபோல உனக்குத் தோன்றுகிறது. பணியில் இருந்த காலத்தில் ஆசிரியர்களுக்காக நடந்த ஒரு கூட்டத்தில் ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. என் கண்ணும் நனைந்தது. வத்தலக்குண்டில் இறங்கி மலைப் பேருந்துக்குக் காத்திருந்தபோது அவர் சொன்னதை நினைத்துப் பார்க்க முயன்றேன். குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே காதில் இருந்தது. அவர் நல்லவர், நல்லதைத்தான் சொன்னார். ஆனால் நான் வீடு திரும்பிப் போய்த் தொட்டுப் பார்க்கும்படியாக அவர் பேச்சில் ஒரு பொருளும் இருக்கவில்லை.

நின்றவற்றில் முதலாவது உனக்கும் நினைவிருக்கும். 2001ஆம் ஆண்டு, பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். நம் ஊர் வானாய்வுக்கூடமான அப்சர்வேட்டரியிலிருந்து ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார். மெதுவான குரல், பின்வரிசைப் பிள்ளைகளுக்குக் கேட்டிருக்குமா என்பதே ஐயம். நம் மலையில் இருந்துகொண்டு 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள், மேகம் மறைக்காத நாளெல்லாம் எடுக்கிறார்கள் என்றார். 1909ஆம் ஆண்டு ஜனவரியில் எவர்ஷெட் என்பவர் இங்கேதான், சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார் என்றும், உலகெங்கும் வானியல் படிப்பவர்கள் அதை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறார்கள் என்றும் சொன்னார். பிறகு இன்னொன்று சொன்னார். சூரியனில் கரும்புள்ளி என்று நாம் சொல்வது உண்மையில் கரியது அன்று. அதைச் சுற்றியுள்ள பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி வெப்பத்தில் ஒளிர, புள்ளி அதைவிட ஆயிரத்துச் சொச்சம் டிகிரி குறைந்திருப்பதால் கருப்பாகத் தெரிகிறது. அந்தப் புள்ளியை மட்டும் பிரித்தெடுத்து இரவு வானத்தில் வைத்தால் முழுநிலவைவிடப் பிரகாசமாக இருக்கும்.

இவ்வளவுடன் போயிருந்தால் அதையும் மறந்திருப்பேன். புறப்படும் முன் அவர், சூரியனை ஒருபோதும் நேராகவோ கருவி வழியாகவோ பார்க்கக் கூடாது, பார்வை போய்விடும் என்று மும்முறை எச்சரித்துவிட்டு, பைனாகுலரின் ஒரு கண்ணை மூடி மறு கண் வழியாக வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்யும் முறையைக் காட்டிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு வனக்காவலரிடம் அப்பா பைனாகுலர் இரவல் வாங்கி வந்ததும், நீ அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் நிற்க மூச்சையும் பிடித்துக்கொண்டதும் நேற்றுப் போலிருக்கிறது. சூரியன் பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாகத் தாளில் விழுந்தது. மார்ச் கடைசி வாரத்தில் அதன் ஓரத்தில் ஒரு பெரிய புள்ளிக்கூட்டம் தோன்றியது. காலை ஏழரை மணிக்கு நான் பென்சிலால் அதைக் குறிப்பேன்; நீ தேதி எழுதுவாய். மறுநாள் புள்ளி நகர்ந்திருந்தது. இரண்டு வாரம் ஆவதற்குள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போய் மறைந்தது. சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது என்று பாடப்புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கியவள்தான் நான். அது சுற்றுவதை நம் வீட்டு முற்றத்தில், ஒரு நோட்டுத் தாளில் பார்த்தது அந்த ஆண்டில்தான். அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. மேகத்தால் விட்டுப்போன இரண்டு நாள்களுக்கு நீ 'சூரியன் விடுப்பு' என்று எழுதி வைத்திருக்கிறாய்.

எவர்ஷெட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் மனைவி மேரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் கேள்விக்கு அந்த அம்மாளின் வாழ்க்கையே ஒரு பதில். இத்தாலிக் கவிஞர் தாந்தேயை இளமையிலேயே விரும்பிப் படித்தவர். அவருடைய காவியத்தில் எங்கு பார்த்தாலும் விண்மீன்களும் கோள்களும் வரும். படித்து வியந்து மூடிவைப்பவர்கள் பல்லாயிரம் பேர். மேரியோ, கவிஞர் சொல்லும் வானம் மெய்யான வானத்தோடு பொருந்துகிறதா, அக்காலத்து வானியலை அவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்று ஒவ்வோர் இடமாகத் தேடிப் பார்த்து ஒரு முழு நூலே எழுதினார். அது முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, அவர் கொடைக்கானலில் வாழ்ந்த ஆண்டுகளில் வெளிவந்தது. அவர் சும்மா வாசகியாக இருக்கவில்லை. சூரியனைக் கணவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர், அதற்கும் முன் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது தெற்கு வானத்து விண்மீன்களை அடையாளம் காண ஒரு கையேடும் எழுதியவர். அப்சர்வேட்டரிச் சாலையில் நடக்கும்போதெல்லாம், நம் ஊர்க் குளிரில் ஒரு கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்த பெண் என்று அவரை நினைத்துக்கொள்வேன்.

அடுத்தது நான் கற்பித்த பாட்டு. இதைச் சொல்ல எனக்கு வருத்தமும் உண்டு. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை எத்தனை ஆண்டு நடத்தியிருப்பேன்! தேவகுலத்தார் பாடியது, தலைவி தன் காதலை நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட ஆழமானது என்று சொல்லிவிட்டு, 'சாரல் கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே' என்று முடிப்பாள். கரிய தண்டுடைய குறிஞ்சியின் பூவிலிருந்து தேனீக்கள் தேன் சேர்க்கும் மலைநாட்டவனோடு கொண்ட நட்பு அது. 'கருங்கோல், இலக்கணக் குறிப்புத் தருக' என்று கேட்பேன். 'பண்புத்தொகை' என்று பிள்ளைகள் எழுதுவார்கள். சரி என்று குறியிட்டுத் தருவேன். குறிஞ்சி பூக்கும் மலையிலேயே வாழ்ந்துகொண்டு, அந்தக் கோல் கரியதா என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

2006இல் குறிஞ்சி பூத்தது. ஆவணியில் ஒரு சனிக்கிழமை, மேல்மலைப் பிள்ளைகள் சிலரோடு மன்னவனூர்ச் சாலையில் ஒரு சரிவுக்குப் போனேன். சரிவு முழுவதும் நீலம். நான் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு விறகு சுமக்கும் பெண் ஒருத்தி, என் வகுப்பில் வாயே திறக்காதவள், புதருக்குள் கையை விட்டுப் பூங்கொத்துகளை இருபுறமும் விலக்கி, 'இங்க பாருங்க டீச்சர், நீங்க சொன்ன கருங்கோல்' என்றாள். நுனியில் பச்சையாக இருந்த தண்டு அடிக்கு வரவர முற்றி, மழை ஈரத்தில் நன்றாகக் கறுத்திருந்தது. எட்ட நின்று பார்ப்பவருக்குப் பூவின் நிறம் மட்டுமே தெரியும். கிட்டே போய், பூவை விலக்கிக் கையை உள்ளே நுழைத்தவருக்கே கோலின் நிறம் தெரியும். ஈராயிரம் ஆண்டுக்கு முன் அந்தச் சொல்லை எழுதியவரின் கை அந்தப் புதருக்குள் போயிருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. உடம்பு ஒருமுறை நடுங்கிற்று.

பிறகுதான் தேனீக்களின் ஒலி என் காதில் விழுந்தது. குறிஞ்சிச் செடி ஒரே ஒருமுறை பூத்துவிட்டு மடிந்துபோகும். அதன் விதையிலிருந்து வரும் செடி பூக்கப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். வேலைக்காரத் தேனீயோ சில வாரங்களே உயிர் வாழும். அன்று அங்கே பறந்த எந்தத் தேனீயும் முன்பு குறிஞ்சியைக் கண்டதில்லை, இனிக் காணப்போவதும் இல்லை. நிலம், வானம், கடல் என்று அளக்க முடியாதவற்றை எல்லாம் அடுக்கிய தலைவி, கடைசியில் ஒரு துளி ஒரு துளியாகத் தேனைச் சேர்த்துக் கட்டும் இந்தச் சிற்றுயிரிடம் வந்து நிற்கிறாள். 'இழைக்கும்' என்பதற்குச் 'செய்யும்' என்று பொருள் எழுதிப்போட்டுவிட்டுக் கடந்துபோயிருக்கிறேனே என்று அன்று மனம் கனத்தது. அதன் பிறகு அந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் இலக்கணக் குறிப்பை முடிவில் வைத்துக்கொண்டேன். முதலில், காய்ந்துபோன ஒரு குறிஞ்சித் தண்டை வகுப்பில் கைமாற்றிப் பார்க்கச் செய்தேன். 2018இல் மீண்டும் பூத்தபோது உனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. 2030க்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இனி உன் நடராசர். நீ பார்த்த திருவாலங்காட்டு நடராசரைப் பற்றிப் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் எழுதியிருக்கிறார் என்பதை உனக்குப் பேச்சாளரும் சொல்லியிருக்கக்கூடும். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சிலையின் புகைப்படங்களை மட்டுமே பார்த்து, 1913 வாக்கில் எழுதினார். அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 1921இல் அது அச்சில் வந்தது. சமய தத்துவத்தை விளக்க அவர் முற்படவில்லை. உதடு, கை, கால் என்று ஒவ்வோர் உறுப்பாக, ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே தங்குகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டே போகிறார். கல்லையும் களிமண்ணையும் வாழ்நாளெல்லாம் கையாண்டவர், கடல் கடந்து வந்த காகிதப் படத்திலும் சிற்பியின் கையைத் தேடியிருக்கிறார். உனக்கோ அந்தச் சிலையே ஒரு ரயில் தூரத்தில் இருக்கிறது.

ஆகவே அடுத்த வாரம் மறுபடி போ. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, சனிக்கிழமை போ. யாருடைய உரையும் வேண்டாம், காதில் எதுவும் மாட்டிக்கொள்ளாதே. அந்தச் சிலைக்குத் திருவாசி இல்லை என்பதை நீ கவனித்தாயா? தீச்சுடர் வட்டம் இல்லாமலே அந்த ஆட்டம் எப்படி நிறைவாகத் தெரிகிறது என்று சுற்றி வந்து பார். முழுவதையும் பார்க்க முயலாதே. தூக்கிய திருவடியில் தொடங்கு. விரல்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன, ஊன்றிய காலின் முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, அதன் கீழே மிதிபட்டுக் கிடக்கும் முயலகன் முகம் யாரைப் பார்க்கிறது, இவ்வளவு போதும். வரையத் தெரியாது என்று சொல்லாதே, எனக்கும் தெரியாது. சூரியனைச் சுற்றி நான் போட்ட வட்டங்கள் ஒன்றுகூட வட்டமாக இல்லை, ஆனால் புள்ளி நகர்ந்தது அதில் தெரிகிறது.

அப்பா நலம். முட்டிவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம். பூம்பாறை மலைப்பூண்டு ஒரு கிலோ, பக்கத்து வீட்டுத் தம்பி சென்னை வரும்போது கொடுத்தனுப்புகிறேன்; உறையில் கட்டி வைக்காமல் காற்றாடத் தொங்கவிடு. அதனோடு அந்த 2001ஆம் ஆண்டு நோட்டையும் வைக்கிறேன், பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவா. பதில் எழுதும்போது பேச்சாளர் என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டு, முயலகன் யாரைப் பார்க்கிறான் என்பதை எழுது. நானும் அப்பாவும் இங்கே அதைப் பற்றி ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

அன்புடன்,
அம்மா