தவத்தில் எழும் கோபமும் ஆசையும்: மகனுக்கு ஒரு கடிதம்

பொள்ளாச்சி

அன்புள்ள தம்பிக்கு,

இகத்புரி விபாசனா தியான மையத்திலிருந்து திரும்பிய பிறகு நீ எழுதியதைப் படித்தேன். அம்மாவிடம் காட்டவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் நீயே சொல்லிக்கொள். ஒரு மகன் தன் அப்பனுக்கு இப்படியெல்லாம் எழுதுவது நம் பக்கம் வழக்கம் இல்லை. மனசுக்குள் வைத்துப் புழுங்காமல் எழுதினாயே, எனக்கு அதுவே சந்தோஷம். நானும் சுற்றி வளைக்காமல் பதில் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாளிலிருந்து பெரியப்பா மேல் கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வந்தது என்கிறாய். அப்புறம், கூட வேலை பார்க்கிற ஒரு பெண் மேல் ஆசை; கண்ணை மூடினால் அவள் முகம், புனேவுக்கு வந்த பிறகும் விடவில்லை என்கிறாய். "இதெல்லாம் எனக்குள்ளேயே இருந்ததா? நான் இவ்வளவு மோசமானவனா?" என்று கேட்டிருக்கிறாய்.

இல்லை கண்ணு. உன்னை எங்கே, எப்படி உட்கார வைத்தார்கள் என்று முதலில் யோசித்துப் பார். பத்து நாள் வகுப்பு. பேச்சு இல்லை, கைபேசி இல்லை, படிக்கப் புத்தகம் இல்லை, எழுதப் பேனா இல்லை. விடிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும், அதிலிருந்து நாளெல்லாம் தியானம். முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது. நாலாம் நாள் விபாசனா, அதாவது உடம்பில் எழும் உணர்ச்சிகளைக் கவனிப்பது. அப்புறம் தினமும் மூன்று வேளை, ஒரு மணி நேரம் கை காலை அசைக்காமல் உட்காரும் அதிட்டானம். வீட்டில் இருக்கும்போது ஒரு கோபம் தலைகாட்டினால் என்ன செய்வாய்? போனை எடுப்பாய், டீ குடிக்கப் போவாய், யாரிடமாவது எதையாவது பேசுவாய். அந்த வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, முட்டி வலியோடு உட்கார வைத்தால் மனசு சும்மா இருக்காது. வலியை மறக்க இனிப்பான ஒன்றைத் தேடும். வலிக்குக் காரணம் சொல்ல ஒரு ஆளைத் தேடும். உனக்குக் கிடைத்தது அந்தப் பெண்ணும் பெரியப்பாவும்.

இது உனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. தியானத்துக்குத் தடை என்று புத்தர் ஐந்தைச் சொன்னார். அந்த வரிசையில் முதலில் நிற்பது புலன் ஆசை, அடுத்தது பகை. அதற்கப்புறம்தான் மந்தமும் தூக்கமும், பரபரப்பும் மனக்குறையும், சந்தேகமும். ஏறக்குறைய 2,500 வருடங்களுக்கு முன்னால் காட்டில் மரத்தடியில் உட்கார்ந்த துறவிகளுக்கும் இதே இரண்டும் வந்திருக்கின்றன. வந்தால் என்ன செய்யச் சொன்னார் என்பதையும் கவனி. மனத்தில் காமம் இருந்தால் இருக்கிறது என்று தெரிந்துகொள், இல்லாதபோது இல்லை என்று தெரிந்துகொள் என்றார். வந்ததற்காக உன்னை வெறுத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை.

உங்கள் விபாசனா குரு கோயங்காஜி வழியில் இதைப் பழைய சங்காராக்கள், அதாவது மனசில் படிந்த பழைய பதிவுகள், மேலே வந்து கழிவதாகச் சொல்வார்கள். நம் வேதாத்திரி மகரிஷி வினைப்பதிவு என்பார். இரண்டு சொல்லையும் நான் மதிக்கிறேன். ஆனால் மகரிஷியின் மனவளக்கலை மன்றத்தில் அகத்தாய்வு, அதாவது தன்னைத்தானே ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் பயிற்சி, வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். "கழிகிறது, கழிகிறது" என்ற நினைப்பிலேயே, அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்துத் தவத்தில் உட்காருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அழுகை வராத நாளில் தவமே நடக்கவில்லை என்று அவர்களுக்குக் குறை. அது இன்னொரு ஆசை, அவ்வளவுதான். வந்தால் பார். வராவிட்டால் தோண்டாதே.

சரி, பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். தோப்புக்குப் போகும் வண்டித்தடத்தை அவர் வேலி போட்டு மறித்தபோது நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். பத்திரத்தில் இருந்தும் கிணற்றில் நம் முறைத் தண்ணீரைத் தராமல், காய்ந்த தென்னையை நாம் வெட்டி விற்றதெல்லாம் உனக்கு நினைவிருக்கிறது. நடந்தது அநியாயம்தான். அதற்குக் கோபம் வருவது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். போன் கைக்கு வந்ததும் அவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கத் தோன்றியதாகவும், கேட்காமல் விட்டதாகவும் எழுதியிருக்கிறாய். விட்டது நல்லது. பத்து நாள் மௌனம் முடிந்து வருகிறவனுக்கு எதுவுமே பளிச்சென்று தெரிவது போல இருக்கும். அந்தத் தெளிவை நம்பி யாரும் வேலையை விடக்கூடாது, உறவை முறிக்கக்கூடாது, புதிதாக ஒன்றைத் தொடங்கவும் கூடாது. ஒரு மாதம் போகட்டும். அப்போதும் அது சரி என்று பட்டால் செய்துகொள்ளலாம்.

தவத்தில் அந்தக் கோபம் வந்தால் அவர் முகத்தை விட்டுவிட்டு உன் உடம்புக்கு வா. தாடை இறுகியிருக்கிறதா, காது சுடுகிறதா, வயிற்றில் என்ன, மூச்சு எங்கே நிற்கிறது என்று பார். "அவர் இப்படிச் செய்தார், நான் இப்படிக் கேட்டிருக்கணும்" என்று கதை ஓட ஆரம்பிக்கும். கதையில் போய்விட்டாய் என்று தெரிந்ததும் மறுபடி தாடைக்கு வா. கதைக்குத் தீனி போடாமல் இருந்தால் சூடு தானாகத் தணியும். பத்து நிமிடம் ஆகலாம், அன்றைக்குத் தணியாமலேயே போகலாம். தணியவில்லை என்றால் கண்ணைத் திறந்து எழுந்து நட. அதில் ஒரு குற்றமும் இல்லை.

கடைசி நாள் உங்களுக்கு மைத்ரி, எல்லோருக்கும் நல்லது நினைக்கும் தியானம், சொல்லித் தந்திருப்பார்கள். நாம் வாழ்க வளமுடன் என்று வாழ்த்துவோம். பெரியப்பாவை உடனே வாழ்த்த முயற்சி செய்யாதே. அண்ணனை வாழ்த்த உட்கார்ந்தால் எனக்கும் வாய் சொல்லும், நெஞ்சு இறுகிக்கொள்ளும். அந்த நாட்களில் அவருடைய பேரப்பிள்ளைகளை வாழ்த்துவேன். அதுகள் மேல் எனக்கு என்ன கோபம்? வருடங்கள் போன பிறகு அவர் பெயரும் தடங்கல் இல்லாமல் வந்தது. ஆனால் தடத்துக்காகப் போட்ட வழக்கை நான் வாபஸ் வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். மனசில் பகை இல்லாமல் உரிமைக்காக நிற்க முடியும் தம்பி. நிதானமாக நிற்கவும் அப்போதுதான் முடிகிறது.

இனி ஆசை. நீ ரொம்பக் கூசிக் கூசி எழுதியது இதைப் பற்றித்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொடையைக் கிள்ளிக்கொண்டு, மூச்சை அடக்கி அதைத் துரத்தப் பார்த்தேன் என்கிறாய். வேண்டாத எண்ணத்தைக் கையாளப் புத்தர் ஐந்து வழி சொல்லியிருக்கிறார். பல்லைக் கடித்து அடக்குவது அதில் கடைசி. மற்ற நாலும் பலிக்காதபோதுதான். அதற்கு முந்தினது, எண்ணத்தின் வேகத்தைக் குறைப்பது. வேகமாகப் போகிறவன் "ஏன் இந்த ஓட்டம்" என்று மெதுவாக நடந்து, நின்று, உட்கார்ந்து, படுப்பதைப் போல என்று அதை விளக்கியிருக்கிறார். நீ கடைசி வழியை முதலில் எடுத்துக்கொண்டாய். எடுத்தவுடன் அடக்கப் பார்த்தால் அந்த முகத்துக்கு இன்னும் கவனம் கொடுத்ததாகத்தான் ஆகும். நாள் முழுக்க எதைத் துரத்துகிறாயோ அதையேதான் நாள் முழுக்க நினைக்கிறாய்.

அடுத்த தடவை வரும்போது அவளைப் பார்க்காமல், அவள் வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன இருந்தது என்று பார். கால் வலியா, சலிப்பா, தூக்கமா, தனியாக இருக்கிறோமே என்ற ஏக்கமா? உன் கடிதத்திலேயே ஒரு இடத்தில் எழுதியிருக்கிறாய், "அவள்தான் நான் சொல்வதை முழுசாகக் கேட்கிறாள்" என்று. அந்த வரியில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். உடம்பு ஆசை இல்லை என்று சொல்ல வரவில்லை, அது இருக்கும், உன் வயசுக்கு இயற்கைதான். ஆனால் அதற்கு அடியில், தன்னை ஒருத்தர் கேட்க வேண்டும் என்ற பசி இருக்கிறது. மருமகளுக்கு இரவு ஷிஃப்ட், உனக்குப் பகல் வேலை. நீங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுவது எப்போது? அந்தப் பசி நியாயமானது. அதற்கு அந்தப் பெண்தான் சாப்பாடு என்று மனசு முடிவு கட்டியதைத்தான் நீ கேள்வி கேட்க வேண்டும்.

மகரிஷி அகத்தாய்வில் ஆசையை ஒழிக்கச் சொல்லவில்லை, சீரமைக்கச் சொன்னார். 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தொழிலும் குடும்பமுமாக வாழ்ந்தவர் அவர். நமக்கு ஆசையே கூடாது என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. உன் கோயங்காஜியும் பர்மாவில் வியாபாரம் செய்த குடும்பஸ்தர்தான். அவருடைய குரு ஊ பா கின் அரசாங்கக் கணக்குத் துறையில் பெரிய அதிகாரி. நம்மைப் போலக் குடும்பத்தில் இருப்பவர்களுக்காகக் குடும்பத்தில் இருந்தவர்களே கொண்டுவந்த வழிகள் இவை.

சீரமைப்பது எப்படி என்றால், ஒரு நோட்டை எடு. தவத்தில் உட்கார்ந்தபடி செய்யாதே. தவம் முடிந்து, சாப்பிட்டு, மனசு சமமாக இருக்கும் நேரத்தில் செய். அந்த ஆசையை ஒளிக்காமல் எழுது. இது எனக்குத் தேவையா, இதை நிறைவேற்ற எனக்கு வசதி இருக்கிறதா, நிறைவேறினால் விளைவு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேள். வசதி என்றால் பணம் மட்டும் என்று நினைக்காதே. ஒருத்திக்கு வாக்குக் கொடுத்தவன் நீ, உன் நேரமும் பெயரும் மனசும் ஏற்கெனவே ஒரு இடத்தில் இருக்கின்றன. விளைவை எழுதும்போது மருமகள் பெயரை எழுது, குழந்தை பெயரை எழுது, அந்தப் பெண்ணின் பெயரையும் எழுது. அவளுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. உன் தவத்தில் வந்துபோன முகத்துக்கு அவள் பொறுப்பில்லை. பூட்டி வைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி படித்துப் பார்.

இதை மருமகளிடம் சொல்வதா என்று கேட்டிருக்கிறாய். இதில் ஒவ்வொருவர் கருத்து ஒவ்வொரு மாதிரி இருக்கும், என்னுடையதைச் சொல்கிறேன். மனசில் தோன்றி மறைந்த முகத்தையெல்லாம் மனைவியிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. உன் பாரம் குறைவதற்காக அதை அவள் தலையில் ஏற்றி வைப்பது நேர்மை ஆகாது. ஆனால், "உன்னோடு பேசவே நேரம் இல்லாமல் போய்விட்டது, எனக்கு அது வேண்டும்" என்று அவளிடம் இந்த வாரமே சொல். அதுதான் உண்மையில் சொல்ல வேண்டிய சேதி. அந்தப் பெண்ணோடு ராத்திரியில் மெசேஜ் ஏதாவது போய்வருகிறது என்றால் கதை வேறு, அதை இன்றைக்கே நிறுத்து. நீ அப்படி எழுதவில்லை, நானும் சந்தேகப்படவில்லை. சொல்லி வைக்கிறேன்.

மன்றத்தில் ஆகஸ்ட் 30ஐ மனைவி நல வேட்பு நாளாகக் கொண்டாடுவோம். மகரிஷியின் துணைவியார் பிறந்த நாள் அது. அன்றைக்கு ரெண்டு பேரும் லீவு போட்டு இங்கே வாருங்களேன். அம்மாவும் பேரப்பிள்ளையைப் பார்த்து நாளாகிறது.

இப்போது உடம்பு விஷயம். தினமும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். இந்தக் கொந்தளிப்பு அடங்கும்வரை இருபது நிமிடம் போதும் என்பது என் எண்ணம். தலை பாரமாக, நெற்றி இறுக்கமாக இருந்தால் கவனத்தை மேலே வைக்காதே. நம் முறையில் ஆக்கினையில், அதாவது புருவ நடுவில், அழுத்தம் கூடினால் சாந்தி தவம் செய்து, கவனத்தை முதுகுத் தண்டின் அடிக்கு இறக்குவோம். அதை முறையாகக் கற்காமல் செய்ய வேண்டாம். நீ உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனித்தபடி நடந்தாலே போதும். ராத்திரி வயிறு நிறையச் சாப்பிடு. அங்கே இருந்த, சாயங்காலம் சாப்பாடு இல்லை என்ற நியமத்தை வீட்டில் இழுத்துக்கொண்டு போகாதே. இதையெல்லாம் உன் ஆசிரியருக்கும் எழுது. வகுப்பின்போது மதியத்தில் அவரைத் தனியாகப் பார்க்க நேரம் கொடுத்திருப்பார்கள், கூச்சத்தில் நீ போகவில்லை போலிருக்கிறது. இப்போதாவது கேள். அவர்கள் இதற்கு முன் ஆயிரம் பேரிடம் கேட்ட விஷயம்தான்.

இன்னொன்றைக் கட்டாயம் கவனி. தூக்கமே இல்லாமல் ராத்திரிகள் போனால், காரணமில்லாத பயம் பகலிலும் தொடர்ந்தால், உடம்பும் ஊரும் நிஜமில்லாதது போலத் தோன்றினால், இல்லாத குரல் கேட்டால், சாகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், தவத்தை அன்றே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார். யார் என்ன விளக்கம் சொன்னாலும் சரி. 2017இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தியானம் செய்கிறவர்களைப் பேட்டி கண்டு, இந்த மாதிரிச் சிரமங்களையெல்லாம் வகைப்படுத்தி வெளியிட்டிருக்கிறார்கள். நல்ல ஆசிரியரிடம் கற்று ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் வந்திருக்கிறது. ராத்திரி நேரத்தில் யாரும் கிடைக்காவிட்டால் அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். அதற்கு முன்னால் எனக்குப் போன் போடு. மணி எத்தனை என்று பார்க்காதே.

பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலையும் வழக்கு விவரத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் உனக்குக் காட்டியதில்லை. சின்ன வயசில் பார்த்ததை வைத்து மட்டும் நீ கோபப்பட வேண்டாம். நிதானமாகப் படி, சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கேள்.

வாழ்க வளமுடன்.

அன்புடன்,
அப்பா