கியோக்கோ யாருக்கு நடுவிலும் நிற்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைத் தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையில் ‘ஸ்கிப் பீட்!’ தொடருக்கும் ஒரு பத்தி ஒதுக்கியமைக்கு முதலில் நன்றி. 2002 முதல் ‘ஹனா டு யூமே’ இதழில் யோஷிகி நகமுரா எழுதி வரைந்துவருவதும், நாற்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளைக் கண்டதுமான ஒரு படைப்புக்கு ஒரு பத்தி போதும் என்று தாங்கள் கருதினால், அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் பத்தியின் கடைசி வாக்கியம், கதாநாயகி மொகாமி கியோக்கோவை, ஒரு பாடகனுக்கும் ஒரு நடிகனுக்கும் நடுவே யாரைத் தேர்வது என்று தெரியாமல் வாசகர்களை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பவள் என்று சொல்லி முடிகிறது. அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

கியோத்தோவில் ஃபுவா ஷோவின் பெற்றோர் நடத்திய விடுதியில் வளர்ந்து, அவன் பாடகனாக வேண்டும் என்பதற்காக மேற்படிப்பையும் விட்டுத் தோக்கியோவுக்கு உடன் வந்து, ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகள் பார்த்து வாடகை கட்டியவள் கியோக்கோ. அவனுக்குப் பெயர் வந்துவிட்டது. வீட்டுப் பக்கம் வருவது அரிதாயிற்று. அவனைத் தேடிப்போன இடத்தில், வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்றுதான் இவளை அழைத்துவந்தேன் என்று அவன் தன் மேலாளரிடம் சொல்வதைக் காதால் கேட்கிறாள். பழிவாங்க வேண்டுமானால் நீயும் இதே துறைக்கு வந்து பார் என்கிறான், அவளும் வருகிறாள். தொடரின் தொடக்கத்திலேயே வரும் இச்செய்திகளைத் தங்கள் கட்டுரையாளர் படிக்காமல் இருந்திருக்க மாட்டார். படித்த பிறகும் அந்த வாக்கியத்தை எழுத முடிந்தது என்பதுதான் வியப்பு.

இதை நான் வெறும் வாசகியாக மட்டும் சொல்லவில்லை. என் மாமன் மகன் பட்டப்படிப்பை முடிக்கும்வரை, ஜவுளிக்கடையில் நான் வாங்கிய சம்பளத்தில் ஒரு பங்கு அவன் கட்டணத்துக்குப் போயிற்று. அவனுக்கு வேலை கிடைத்தபின் அவன் வீட்டார் என்னைப் பற்றிச் சொன்ன சொல்லைத் தங்கள் இதழ் அச்சிடாது. எனக்கு வேறிடத்தில் வரன் கூடிவந்தபோது அதே மாமன் மகன் முறை சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். தெருவில் உள்ளவர்களோ, பெண் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறாள் என்று பேசினார்கள். நான் அப்போது நின்றுகொண்டிருந்தது கடையின் சேலைப் பிரிவில், காலை முதல் இரவுவரை.

கியோக்கோவும் அப்படித்தான் வேலையில் நிற்கிறாள். நடிகர்களையும் பாடகர்களையும் நிர்வகிக்கும் எல்எம்இ நிறுவனத்தின் தேர்வில் முள்ளங்கியை ரோஜாவாகச் செதுக்கிக் காட்டியும், அவளிடம் அன்பு இல்லை என்று தலைவர் தகராதா லோரி மறுத்துவிட, பின்னர் அவளுக்காகவே தொடங்கப்பட்ட ‘லவ் மீ’ பிரிவின் கூசவைக்கும் இளஞ்சிவப்புச் சீருடையை அணிந்து, பிறர் ஏவும் சில்லறை வேலைகளைச் செய்து மதிப்பெண் முத்திரை வாங்குகிறாள். தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் கோழி வேடத்துக்குள் வியர்க்கிறாள். ‘டார்க் மூன்’ நாடகத்தில் முன்பு வேறொருவர் நடித்துப் புகழ்பெற்ற மியோ பாத்திரம் அவளுக்குக் கிடைக்கும்போது, பழைய நடிப்பைப் படியெடுக்காமல் தனக்கென ஒரு மியோவை உருவாக்குகிறாள். பழிக்காக வந்தவள் நடிப்புக்காகத் தங்கிவிடுகிறாள் என்பதே இத்தொடரின் கதை. ஆண்கள் இருவரும் அதற்குள் வருகிறார்கள்.

நடிகன் சுருகா ரென், பழிவாங்க நடிக்க வந்தவள் என்பதற்காகவே தொடக்கத்தில் அவளை வெறுத்தவன். அவள் உழைப்பைக் கண்டு மனம் மாறி, தன் காதலைக் கோழி வேடக்காரரிடம் போய்ப் புலம்புகிறான். வேடத்துக்குள் இருப்பது யார் என்று அவனுக்குத் தெரியாது. (இந்த ஒரு நகைச்சுவைக்கே அந்தப் பத்தி போதாது.) ஷோவுக்கோ, அவளை இன்னொருவன் பார்க்கிறான் என்று தெரியும்வரை அவள் நினைவே இல்லை, தெரிந்தபின் அவள் வெறுப்பாவது தன்மேல் மட்டும் இருக்க வேண்டும் என்கிறான். போட்டி போடுபவர்கள் அவர்கள். கியோக்கோவின் துயரம் வேறு: மறுபடி ஒருவனை நேசித்தால் பழைய முட்டாளாகவே ஆகிவிடுவோமோ என்று அஞ்சி, அவள் தன் மனத்தைப் பூட்டுமேல் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறாள். அந்த அச்சத்தை ஊசலாட்டம் என்று எழுதுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். 25 பகுதிகளோடு 2009இல் நின்றுபோன தொலைக்காட்சித் தொடரை மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருந்தால், அதையாவது கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்.

தங்கள் இதழுக்கு இது புதிதன்று என்பதைத் தாங்களே அறிவீர்கள். முன்பு ஒருமுறை இதே தொடரைச் சிறுவர் பகுதியில் அறிமுகம் செய்தீர்கள். தங்கள் தொடர்கதைகளிலும், இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணை விரும்பினால் குற்றவாளிக் கூண்டில் அந்தப் பெண்தான் ஏறுகிறாள். சென்ற தீபாவளி மலரின் குறுநாவலில் அவளை ஊரைவிட்டே அனுப்பினீர்கள். அது குறித்து நான் எழுதிய நீண்ட கடிதத்தில், ‘மலர் அருமை’ என்ற முதல் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து வெளியிட்ட தங்கள் பெருந்தன்மையை நான் மறக்கவில்லை.

தங்கள் கட்டுரையாளர் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கட்டுரையோடு வெளியான படத்தில், பொன்னிறத் தலைமுடியோடு கிதார் வைத்திருப்பவனுக்கு ரென் என்றும், கருப்பு முடியோடு இருப்பவனுக்கு ஷோ என்றும் பெயர் அச்சாகியிருக்கிறது. அடுத்த இதழில் அந்தப் பெயர்களை இடம் மாற்றி ஒரு திருத்தம் வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.