கடற்கரைத் துப்புரவில் அடம்பன் கொடியைப் பிடுங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்ற பழமொழியை மேடைகளில் கேட்டு வளர்ந்த நம்மிற் பலருக்கு, அந்தக் கொடியை நேரிற் காட்டினால் அடையாளம் தெரிவதில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களில் நடைபெறும் கடற்கரைத் துப்புரவுப் பணிகளின்போது, பிளாஸ்டிக் போத்தல்களோடும் கிழிந்த வலைத்துண்டுகளோடும் சேர்த்து இக்கொடியும் வேரோடு இழுத்தெடுக்கப்பட்டுக் குவிக்கப்படுவதைக் காண மனம் வருந்துகிறது. சிரமதானத்துக்கு வரும் இளைஞர்களின் நோக்கம் நல்லது. களை என்று யாரோ சொன்னதை நம்பியே அவர்கள் பிடுங்குகிறார்கள்.

அடம்பனின் தடித்த இலை நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். சங்கப் புலவர் அதனை மானின் அடிக்கு ஒப்பிட்டனர். ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்கள் காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். விடியற்பொழுதில் ஒரு பூவுக்குள் உற்றுப் பார்த்தால், அடித்தொண்டையில் நிறம் கருமையேறியிருப்பதையும், தேனீக்கள் அதற்குள் இறங்கி மகரந்தத்தோடு வெளியேறுவதையும் காணலாம். விதைகள் கடல்நீரில் மிதந்து நெடுந்தூரம் சென்றும் முளைக்கும் ஆற்றலுடையவை. வெப்பவலயக் கடற்கரைகள் எங்கும் இக்கொடி பரவியிருப்பது அதனாலேயே.

இதன் முதன்மையான பயன் மணலைப் பிடித்துவைப்பதுதான். பத்து மீற்றருக்கு மேலும் நீளும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட, காற்று அள்ளிவரும் மணல் இலைகளிடையே தங்குகிறது. மணல் மூட மூடக் கொடி மேலெழுந்து வளர்வதால், சிறு மேடு உருவாகி, அதன்மேல் இராவணன் மீசைப் புல்லும் பின்னர் புதர்களும் இடம்பிடிக்கின்றன. 2004 டிசம்பர் 26 போன்ற பேரலையை இது தடுக்கும் என்று நான் கூறவில்லை. ஆனால் ஆண்டுதோறும் மாரியில் அலையும் காற்றும் கரையை அரிப்பதைக் குறைக்க, செலவின்றிக் கிடைக்கும் காவல் இதைப்போல் வேறில்லை. தாய்லாந்திலும் வேறு பல நாடுகளிலும் ஜெல்லி மீன் தீண்டிய இடத்தில் இதன் இலைச்சாற்றைப் பூசும் வழக்கம் உண்டு. எனினும் கடுமையான தீண்டலுக்கு மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். பேதியை உண்டாக்கும் இயல்புடையதாதலால் இதனை உட்கொள்ளவும் கூடாது.

வளர்ப்பது எளிது. அடர்ந்து படர்ந்த இடத்திலிருந்து, வேரைத் தொடாமல், மூன்று நான்கு கணுக்கள் உள்ளதாக ஒரு முழத் தண்டை வெட்டி, கீழ்க்கணுக்கள் இரண்டு ஈர மணலுக்குள் புதையும்படி சாய்வாக நடவேண்டும். உயர்ந்த அலை எட்டும் எல்லைக்கு மேலே, நல்ல வெயில் படும் இடமாக இருத்தல் அவசியம். சவுக்கு மரநிழலில் இது தழைக்காது. வாடைக்காற்றோடு மழை தொடங்கும் காலமே உகந்தது. மழை பிந்தினால் வேர்பிடிக்கும் வரை தண்ணீர் விட்டால் போதும், பசளை தேவையில்லை. விதையிட விரும்புவோர், உலர்ந்த காயிலிருந்து பழுப்பு மயிர் போர்த்த விதைகளை எடுத்து, ஓட்டின் ஒரு பக்கத்தை உள்நிறம் தெரியுமட்டும் அரத்தாளில் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைக்க வேண்டும். ஊதிய விதைகளை நடலாம். ஊதாதவற்றை மீண்டும் தேய்க்க வேண்டும்.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதியைக் கரையோர வலயத்துள் அடக்குகிறது. ஆகவே இத்தகைய நடுகையைத் தொடங்குமுன் உரிய திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறுவது நன்று. விடுதி நடத்துவோர் தம் வாசலிற் குளிப்பவர்கள் நடக்க ஒரு பாதையை மட்டும் விட்டு, மீதியிற் கொடியைப் படரவிடலாம். துப்புரவுப் பணிகளை ஒழுங்குசெய்யும் பாடசாலைகளும் சங்கங்களும், பைகளைக் கையிற் கொடுப்பதற்கு முன்னரே பிள்ளைகளுக்கு இக்கொடியைக் காட்டி, சிக்கியுள்ள குப்பையை மட்டும் கையால் விலக்கி எடுக்கச் சொல்ல வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.