ஒட்டுசுட்டான் பக்கத்து உறவுகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊரவர்களுக்கு,

பாளையங்கோட்டையில் வந்து இறங்கிய நாள் முதல் இங்கே சபையில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இலங்கையில், வன்னியில் என்ன ஊழியம் செய்தீர்கள்?" ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தோம், வேதாகமம் சொல்லிக்கொடுத்தோம் என்று பதில் சொல்கிறோம். அங்கே உங்களுக்கு யார் சோறு போட்டார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி மேற்கு வளவு மாமிக்கு. நாங்கள் வந்த முதல் வாரமே படலையடியில் நின்றபடி கேட்டார்: "இங்கிலீசு படிப்பிக்கிறது நல்லது பிள்ளை. பேந்து ஞானஸ்நானம் எண்டு கொண்டு வருவியளோ?" என் கணவர் அங்கேயே பதில் சொன்னார். வார நாள் வகுப்பில் ஆங்கிலம் மட்டும், அதில் ஜெபமும் இல்லை, பைபிளும் இல்லை. வேதாகம வகுப்பு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, பெற்றோர் அனுப்பும் பிள்ளைகளுக்கு மட்டும். "சொன்ன சொல்லு மாறப்படாது" என்றார் மாமி. மறுநாள் பேரப்பிள்ளைகள் இருவரையும் அனுப்பினார். அத்தோடு விட்டாரா? இடைக்கிடை வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டபடி வகுப்பை முழுதாகக் கேட்டுவிட்டுப் போவார். வெளிநாட்டிலிருந்து ஊழியத்துக்குப் போகிற எவருக்கும் இப்படி ஒரு மாமி வாய்க்க வேண்டும். பால்மாவையோ கொப்பியையோ கையில் கொடுத்து மதத்தை நுழைக்கிறார்கள் என்ற சந்தேகம் போருக்குப் பிந்திய வன்னியில் சும்மா வந்ததல்ல. அதை முகத்துக்கு நேரே கேட்டவர்களோடுதான் எங்களுக்குச் சிநேகிதம் வளர்ந்தது.

மூன்று மணி வகுப்புக்குச் சைக்கிளில் வந்த பிள்ளைகளுக்கு நன்றி. மூன்றாம் வகுப்பிலிருந்தே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் ஒரு பாடம். ஆனால் ஆங்கில ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்கள் நம் பக்கத்தில் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். சாதாரணதரப் பரீட்சைக்கான கடிதத்தை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள், பெயரைக் கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். அதனால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கடையில் சாமான் வாங்குவது, வங்கியில் கணக்குத் திறப்பது, வேலைக்குப் போன் பண்ணுவது என்று நடித்துப் பழகினோம். கடைக்காரராக நடிக்க எப்போதும் அடிபிடி. மாசியில் காலபோக நெல் அறுவடை வந்தால் பாதி வாங்கு காலி. அதற்கெல்லாம் கோபித்து என்ன செய்ய, வயல்தானே சோறு.

பெண்களுக்கு ஒரு வகுப்பு வைக்கச் சொன்னது ஊர் மருத்துவமாது அக்கா. கிளினிக்கில் கொடுக்கும் மருந்து உறையில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். மெற்போமின் சீனி வருத்தத்துக்கு, லொசாட்டன் பிரஷருக்கு என்று பிரித்து வாசிக்கத் தெரியாமல், குளிசையின் நிறத்தை வைத்தே பலர் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பனி மாறினால் நிறமும் மாறிவிடும். அறுபது வயதில் எழுத்துக்கூட்டி அந்தப் பெயர்களை வாசித்த அம்மாமாருக்கு முன்னால் எந்தப் பரீட்சைப் பெறுபேறும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். திருநீறு இல்லாத நெற்றியோடு அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. ஒரு மாலை தேநீரோடு, "உங்கட வேதத்தைத் தமிழில பெயர்க்கப் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணையிருந்தது எங்கட ஆறுமுக நாவலர், தெரியுமோ?" என்றார். தெரியும் என்றோம். பதிலுக்கு நாங்களும் ஒன்று சொன்னோம்: 1902-இல், பின்னாளில் பேராயரான எங்கள் நெல்லைச் சீமை அசரியா யாழ்ப்பாணம் வந்து, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவில் கடல் கடந்து தமிழ்நாட்டுத் தொண்டிப் பக்கம் ஊழியரை அனுப்புவதைக் கண்டார். அந்த உந்துதலோடு திரும்பிப் போனவர், அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். "அப்ப நாங்கள்தான் முதல் அனுப்பினனாங்கள்" என்று ஐயாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஞாயிறு வகுப்பில் பெரியவர்களுக்கு எரேமியா வாசித்த நாளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முப்பத்தோராம் அதிகாரத்தில், ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது, அவர்கள் இல்லாதபடியால் ஆறுதலடையாமல் இருக்கிறாள் என்று வரும். அதன்பின் வரும் நம்பிக்கை வசனங்களை வைத்துத்தான் என் கணவர் பாடம் ஆயத்தம் பண்ணியிருந்தார். போர் முடிந்த 2009-இல் மகனைக் காணாமல் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கும் அம்மா ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதைத் திருப்பி வாசியுங்கோ தம்பி." வாசித்தார். "அவ ஆறுதல் வேண்டாமெண்டு இருக்கிறா. அதைக் கடவுள் பிழையெண்டு சொல்லேல்லைத்தானே?" இல்லை என்றார் இவர். "அப்ப இண்டைக்கு அது காணும்." வகுப்பு அந்த வசனத்தோடு முடிந்தது. வேதபாடக் கல்லூரியில் எங்களுக்கு இப்படி ஒருவரும் படிப்பிக்கவில்லை. இழப்பைப் பற்றிக் கேள்வி வந்தால், அவசரப்பட்டு "எல்லாம் தேவசித்தம்" என்று சொல்லும் பழக்கம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. அந்த அம்மா இருந்த வகுப்பில் அந்தச் சொல் மறுபடி எங்கள் வாயில் வரவில்லை. அம்மா, உங்களுக்கு நன்றி.

2022-இல் பெற்றோலும் காஸும் இல்லாத மாதங்களில் விறகு கட்டிக்கொண்டு வந்து போட்டவர்கள், எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்த்தபோது தங்கள் கிணற்றைத் திறந்துவிட்டவர்கள், யானை வந்த இரவுகளில் வெடி கொளுத்தி எங்கள் வளவுப் பக்கமும் ஒரு சுற்று வந்த இளைஞர்கள், பாலைப்பழக் காலத்தில் சுளகு நிறையக் கொண்டுவந்து வாயெல்லாம் பிசுபிசுக்க வைத்த சிறுசுகள், தைப்பொங்கலன்று முதல் பொங்கலை எங்களுக்கு எடுத்துவைத்த வீடுகள், எல்லோருக்கும் நன்றி. விசா புதுப்பிக்க பத்தரமுல்லைக்குப் போகும்போதெல்லாம் கேட்டவுடன் கடிதம் தந்த கிராம சேவகர் விதானையாருக்கும், நடுச்சாமத்தில் மாங்குளம் சந்தியில் பஸ் வரும்வரை கூடவே காவல் நின்ற ஓட்டோத் தம்பிக்கும் நன்றி. தம்பி, அந்தக் காத்திருப்புக்குக் கடைசிவரை காசு வாங்கவில்லை. இங்கே வந்தால் தாமிரபரணியில் குளிக்க வைத்து, அல்வா வாங்கித் தருகிறோம்.

சரி, வேலை விஷயம். ஆங்கில வகுப்பை எங்களிடம் படித்து இப்போது வவுனியாவில் பட்டப்படிப்புப் படிக்கும் தங்கச்சி, லீவு நாட்களில் நடத்துவார். கதைப் புத்தகங்கள் வாத்தியார் ஐயா வீட்டு அலுமாரியில் இருக்கின்றன, பெயர் எழுதிவிட்டு எடுக்கலாம். மேற்கு வளவு மாமியின் தயிர்ச் சட்டி இரண்டும் பின்விறாந்தையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். சாதாரணதரப் பெறுபேறு வந்ததும், நல்லதோ கெட்டதோ, எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீசு ரீச்சரும் பாஸ்ரரும்